கேட்டுவிட்டுத் தொடுங்கள்

டிப்போவில் அவளுக்கு 'பிரேக்கு' என்று பெயர். அவள் ஓட்டும் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்காமலே வரலாம், அவ்வளவு பதமாக நிறுத்துவாள் என்று யாரோ ஒரு கண்டக்டர் வைத்த பெயர். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்த டிப்போவில் பஸ் ஓட்டும் பெண்கள் இரண்டே பேர்தான்.

மூத்தவள் பிறந்து, விடுப்பு முடிந்து, வேலைக்குத் திரும்பிய அன்றுதான் அவளுக்கு அந்தப் பிரசவத்தின் மேல் முதன்முதலாகக் கோபம் வந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். தையல் போட்ட இடம் சுருக்கென்றது. எழுந்து நின்றுவிட்டாள். பின்னால் கண்டக்டர் இரண்டு தடவை விசிலடித்த பிறகு, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து வண்டியை எடுத்தாள். அன்று பூராவும் அப்படியே ஓட்டினாள்.

நடந்தது பெரிய அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரி. உள்ளே போனதும் உடையை மாற்றச் சொன்னார்கள், படுக்கச் சொன்னார்கள், கையில் ஊசியைக் குத்தி டிரிப் ஏற்றினார்கள். எழுந்து நடந்தால் வலி கொஞ்சம் தாங்குகிறது என்றாள். "படும்மா" என்றார்கள். யார் யாரோ வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். வந்தவர்கள் தாங்கள் யார் என்றும் சொல்லவில்லை, எதற்குப் பார்க்கிறோம் என்றும் சொல்லவில்லை. "என்ன பண்றீங்க?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "பேசாம இரு, எங்களுக்குத் தெரியும்" என்று பதில் வந்தது. வெட்டினார்கள் என்பதே தையல் போடும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தைத்துக்கொண்டிருந்தவர் அவள் தலைக்கு மேலே இன்னொருவரிடம் அடுத்த வாரம் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று பேசிக்கொண்டிருந்தார்.

குழந்தை நன்றாக இருந்தது. அழகாக, கொழுகொழுவென்று. அதனால் வாயைத் திறக்க வழியில்லை. "தாயும் பிள்ளையும் நல்லா இருக்கீங்க, அதுக்கு மேல என்ன வேணும்?" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஆமாம் என்றுதான் அவளும் சொன்னாள். குழந்தைக்கு 'வாலு' என்று வீட்டில் பெயர் நிலைத்தது. பேச ஆரம்பித்ததும் அந்தப் பெயருக்குக் குறைவைக்காமல் நடந்துகொண்டது.

ஆனால் அவள் ஓட்டும் வழித்தடம் அந்த ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போகும். அந்த நிறுத்தம் நெருங்கும்போதெல்லாம் உள்ளங்கை வியர்க்கும். ஸ்டியரிங்கில் கை வழுக்கும். துணியில் துடைத்துக்கொண்டு ஓட்டுவாள். வாலு பள்ளிக்கூடம் போகிற வயது வந்தும் அது நிற்கவில்லை.

இரண்டாவது தரித்தபோது, ஸ்கேன் எடுக்க அந்த வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். டிப்போ ஓய்வறையில் உட்கார்ந்து இன்னொரு ஓட்டுநரிடம் இதைச் சொல்லி அழுதாள். அவளைவிட வயதில் மூத்த பெண் அவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என் தம்பி பொண்டாட்டிக்கு வீட்டுலதான் பிரசவம் ஆச்சு. மருத்துவச்சி ஒருத்தங்க வந்து பாத்தாங்க. படிச்சவங்க, லைசென்ஸ் வெச்சிருக்கறவங்க. நம்பர் தரவா?" என்றார்.

அப்படித்தான் மருத்துவச்சி வந்தார். நாற்பதைத் தாண்டியவர், கண்ணாடி போட்டவர், செருப்பை வாசலில் ஜோடியாக நேராக வைத்துவிட்டு உள்ளே வந்தார். பல வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, பட்டமும் அனுமதியும் வாங்கித் தனியாகத் தொழில் செய்கிறவர். அவரைச் 'சிஸ்டர்' என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். முதல் நாள் அவர் வயிற்றைத் தொடவே இல்லை. முதல் பிரசவத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, சொல்லி முடிக்கும் வரைக்கும் குறுக்கே பேசாமல் இருந்தார். அப்புறம் அவர் பேசினார்.

"எல்லாரையும் நான் ஏத்துக்க மாட்டேன். ரத்த அழுத்தம், சர்க்கரை, குழந்தை குறுக்கே கிடக்கறது, இப்படி ஏதாவது இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லிடுவேன். உங்களுக்கு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வேணும். அந்த ஆஸ்பத்திரி வேணாம்னா வேற லேப் இருக்கு, நானே கூட வரேன்."

"சரி சிஸ்டர்."

"இன்னொண்ணு. பாதியில நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம்னு சொல்லலாம். குழந்தை உள்ளயே மலம் கழிச்சுத் தண்ணி பச்சையா வந்தா, துடிப்பு இறங்கி ஏறாம இருந்தா, ரத்தம் அதிகமாப் போனா. அப்போ போய் உக்காந்து வாக்குவாதம் பண்ண நேரம் இருக்காது. அதனால இப்பவே பண்ணிக்கலாம். என்ன கேக்கணுமோ கேளுங்க."

"நான் வர மாட்டேன்னு சொன்னா?"

"விட்டுட்டு ஓடிட மாட்டேன். ஆனா அப்படிச் சொல்ல மாட்டாங்கன்னு தோணற ஆளுங்களோடதான் நான் இதுல இறங்கறது."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. கணவனுக்கும்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்த இயந்திரத்தையும் அது நின்றுபோனால் என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்துதான் பார்ப்பான். சிஸ்டர் போன பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டை அளந்தான். "ஸ்டிரெச்சர் படுக்கவெச்சு நுழையாது. நாற்காலியில உக்கார வெச்சா நுழையும், உள்ள இருக்கற கைப்பிடியைக் கழட்டணும்" என்றான். அவன் சம்மதம் சொன்ன விதம் அது.

மிச்சம் இருந்தது நாத்தனார். கணவனின் அக்கா. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவின் தலைமை டாக்டரும் அவரேதான். வாலு பிறந்த சமயத்தில் மேற்பயிற்சிக்காக வெளியூரில் இருந்தார். போன் போட்டு விசாரித்தார், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அவருக்குச் சொன்னார்கள். அவரும் அதை நம்பினார்.

ஒரு விடுமுறை நாளில் அவர் சாப்பிட வந்திருந்தார். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவள் சொன்னாள்.

"அண்ணி, இந்தத் தடவை வீட்டுலயே பெத்துக்கலாம்னு இருக்கேன். மருத்துவச்சி ஒருத்தங்க வராங்க."

நாத்தனார் கத்தியைக் கீழே வைத்தார். "எந்த வீட்டுல?"

"இந்த வீட்டுலதான்."

"தம்பி, இவ என்ன சொல்றான்னு கேட்டியா?"

"கேட்டேன்க்கா" என்றான் அவன், கூடத்திலிருந்து.

"கேட்டுட்டு அங்க உக்காந்து டிவி பாக்கறியா?" அவர் மறுபடி அவள் பக்கம் திரும்பினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. "போன வருஷம் ஒரு பொண்ணைத் தூக்கிட்டு வந்தாங்க. வீட்டுலயே பெத்து, ரத்தம் நிக்கல. நான் கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டே தியேட்டர் வரைக்கும் ஓடினேன். கை எடுக்கவே இல்ல. ஆனாலும் போயிட்டா. உன் வயசுதான் இருக்கும். இன்னிக்கும் எனக்குச் சில நாள் அந்தப் பாரம் கையில தெரியும். நீ வீட்டுலன்னு சொல்றப்போ எனக்கு அதுதான் தெரியுது."

அவள் கேட்டாள், "அந்தப் பொண்ணுகூட வீட்டுல யாரு இருந்தாங்க அண்ணி?"

"யாரும் இல்ல. புருஷன் மட்டும்."

"மருத்துவச்சி?"

"இல்ல."

"அப்போ ஏன் ஆஸ்பத்திரிக்கு வரலையாம்?"

"அந்த நேரத்துல அதையெல்லாம் யாரு கேப்பாங்க?"

அவள் தன் முதல் பிரசவத்தைச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் நாத்தனாரிடம் அதைச் சொன்னதில்லை. நாத்தனார் டாக்டராகக் கேட்டார். "குழந்தை கஷ்டத்துல இருந்திருக்கும். வெட்டலேன்னா தாறுமாறாக் கிழிஞ்சிருக்கும். அந்த நேரத்துல அவங்க செஞ்சது சரியாத்தான் இருக்கும்."

"இருக்கலாம் அண்ணி. வெட்டினது தப்புன்னு நான் சொல்லவே இல்ல. வெட்டறேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. என் உடம்புதானே அது?"

நாத்தனார் அன்று சாப்பிடாமல் போய்விட்டார். நறுக்கிய பாதி வெங்காயம் பலகையிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் அவர் வரவில்லை. தம்பிக்கு மட்டும் போன் செய்வார். அவன் பால்கனிக்குப் போய்ப் பேசிவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே வருவான். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டால், "உடம்பைப் பாத்துக்கச் சொன்னாங்க" என்பான். அவ்வளவு நேரம் அதை மட்டுமா சொல்லியிருப்பார் என்று அவள் கேட்பதில்லை.

அந்தச் சமயத்தில்தான் செய்தித்தாளில் அந்த விஷயம் வந்தது. இனிமேல் தனியாகத் தொழில் செய்யும் மருத்துவச்சிகள் வீட்டுப் பிரசவம் பார்க்கவேண்டுமானால், ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு மகப்பேறு டாக்டர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடவேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் ஒரு புது விதியைக் கொண்டுவரப்போகிறது. பொதுமக்கள் கருத்துக் கேட்ட பிறகு முடிவாகும். அதை வகுத்த குழுவில் நாத்தனாரும் ஒருவர்.

சிஸ்டர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தடைன்னு சொன்னா சத்தம் போடுவாங்க. அதனால இப்படி. தான் பாக்கப்போறதே இல்லாத பிரசவத்துக்கு எந்த டாக்டர் பொறுப்பேத்துக்குவார்? நானா இருந்தாலும் போட மாட்டேன்."

"என்னோடது?"

"அதுக்குள்ள உங்களுக்குப் பொறந்துடும். உங்களுக்கு அப்புறம் இருக்கறவங்களைப் பத்தித்தான் யோசிக்கறேன்."

வலி ஒரு காலை நேரத்தில் ஆரம்பித்தது. வாலுவை எதிர் வீட்டில் விட்டார்கள். சிஸ்டரும் அவருக்குத் துணையாக இன்னொரு மருத்துவச்சியும் பைகளோடு வந்தார்கள். அவள் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். வலி வந்தபோது வாஷிங் மெஷின் மேல் குப்புறச் சாய்ந்துகொண்டாள். கணவன் இடுப்பைத் தேய்த்துவிட்டான்.

"உங்க கையில கிரீஸ் வாசனை வருது."

"ரெண்டு தடவை கழுவிட்டேன்."

"மூணாவது தடவை கழுவுங்க."

அவன் போய்க் கழுவிவிட்டு வந்தான். ஒவ்வொரு முறை குழந்தையின் துடிப்பைக் கேட்பதற்கு முன்னும் சிஸ்டர், "வைக்கலாமா?" என்று கேட்டார். சரி என்றதும் கருவியை வயிற்றில் வைத்தார். ஒருமுறை, "இந்த வலி போகட்டும் சிஸ்டர்" என்றாள். அவர் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில் அவள் உடம்பிலிருந்து என்னவோ இறங்கிப்போனது. இத்தனை வருஷம் தோளைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஜன்னல் வழியாக வெயில் வந்து தரையில் விழுந்திருந்தது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்புவேனா என்றது.

மதியத்துக்கு மேல் பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் பச்சையாக இருந்தது. சிஸ்டர் கருவியை வைத்து வழக்கத்தைவிட நெடுநேரம் கேட்டார். ஒரு வலி வந்து போனது, அப்போதும் எடுக்காமல் கேட்டார். பிறகு அவள் முகத்துக்கு நேராக வந்து குந்தி உட்கார்ந்தார்.

"துடிப்பு இறங்குது, திரும்ப ஏற நேரம் ஆகுது. தண்ணியும் பச்சை. எனக்கு இது பிடிக்கல. போகலாம்."

அவள் தன் அறையைப் பார்த்தாள். துவைத்து விரித்த விரிப்பு, அடுக்கி வைத்த துணிகள், மேஜையில் பாதி குடித்த தண்ணீர். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அங்கேயா என்று தோன்றியது.

"இப்பவேவா சிஸ்டர்?"

"இப்பவே."

"நீங்களும் வரணும்."

"வராம இருப்பேனா?"

"சரி, போலாம்" என்றாள். அதைச் சொன்னது தன் வாய்தான் என்பதை அவள் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தாள்.

கணவன் அதற்குள் வெளியே ஓடியிருந்தான். கைப்பிடியைப் போன வாரமே கழற்றியாகிவிட்டது. தன்னிடமிருந்த சாவியைப் போட்டு வேறு எந்த மாடியிலிருந்தும் லிஃப்டைக் கூப்பிட முடியாதபடி பிடித்துவைத்தான். ஆம்புலன்ஸ் ஆட்கள் அவளை நாற்காலியில் உட்காரவைத்து இறக்கினார்கள். மூன்றாவது மாடியில் யாரோ லிஃப்ட் கதவைத் தட்டித் திட்டிக்கொண்டிருந்தது கேட்டது. அவன் வாழ்க்கையில் முதல்முறையாக, திட்டுகிறவருக்கு மன்னிப்புச் சொல்லாமல் லிஃப்டை இறக்கினான்.

ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த இளம் டாக்டர் சிஸ்டரைப் பார்த்ததும், "வீட்டுக் கேஸா? நீங்க வெளிய இருங்க" என்றார். சிஸ்டர் நிலைமையைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் காதில் வாங்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு நேராகப் படுக்கையிடம் வந்தார்.

"தொடாதீங்க" என்றாள் அவள்.

படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே வரச்சொல்லும் குரல் அது. சத்தம் இருக்காது, ஆனால் தொங்குகிறவன் வந்துவிடுவான். டாக்டரின் கை அப்படியே நின்றது. "இவங்க காலையிலேருந்து என்கூட இருக்காங்க. இவங்க சொல்றதை முதல்ல கேளுங்க. கேட்டுட்டுத் தொடுங்க."

அப்போது நாத்தனார் உள்ளே வந்தார். தம்பி போன் செய்திருந்தான். அவருடைய முகம் வெளுத்திருந்தது. கதவருகே ஒரு கணம் நின்றார். இளம் டாக்டர், "மேடம், வீட்டுலயே இழுத்தடிச்சுட்டு..." என்று தொடங்கினார். நாத்தனார் அவரைப் பார்க்காமல் சிஸ்டரிடம் திரும்பி, "சொல்லுங்க" என்றார்.

சிஸ்டர் சொன்னார். எப்போது வலி, எப்போது எவ்வளவு திறந்தது, துடிப்பு எப்போது இறங்கத் தொடங்கியது, எப்போது கிளம்பினோம். ஒரு சொல் மிகையில்லை. நாத்தனார் தலையாட்டிக்கொண்டே கையைக் கழுவினார். பிறகு படுக்கையருகே வந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"நான் பாக்கலாமா?"

அவள் தலையசைத்தாள்.

பார்த்துவிட்டு நாத்தனார் சொன்னார், "முழுசாத் திறந்திருக்கு. குழந்தை களைச்சுப்போச்சு, சீக்கிரம் வெளிய வரணும். தலையில ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி வெச்சு நான் இழுப்பேன், நீ முக்கணும். இடம் போதாது. கொஞ்சம் வெட்டணும். வெட்டலாமா?"

"வெட்டாம முடியாதா அண்ணி?"

"முயற்சி பண்ணலாம். ஆனா அதுக்கு நேரம் இருக்கறதா எனக்குத் தோணல."

அவள் சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். இவர்கள் இரண்டு பேரும் தன் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது.

"வெட்டுங்க" என்றாள்.

பையன் நீலமாக, சத்தமில்லாமல் வந்தான். ஒரு மூலையில் மூன்று பேர் அவனைச் சுற்றி நின்றார்கள். பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது, கொஞ்சம் பொறுத்து நிஜமான அழுகை. கணவன் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். தையல் போடும்போது நாத்தனார் ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே போட்டார். "இது மரத்துப்போற மருந்து, கொஞ்சம் எரியும். இப்போ முதல் தையல். வலிச்சா சொல்லு."

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. இப்படி அவசரமாக வரும் எந்த வீட்டுப் பிரசவத்தையும் ஆஸ்பத்திரி நிர்வாகம் மேலே தெரிவிப்பது வழக்கம். தெரிவித்தார்கள். சிஸ்டரின் அனுமதியைக் கவுன்சில் நிறுத்திவைத்தது. புது விதி பற்றிய பொதுக் கூட்டத்தில் இந்தக் கேஸையே விசாரிக்கப்போவதாகவும், குழந்தையின் தாய் வந்து நடந்ததைச் சொல்லவேண்டும் என்றும் கவுன்சிலிலிருந்து ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். பாதிக்கப்பட்டவர் என்று அவளைச் சொன்னார். அந்த வார்த்தை அவளுக்கு வெகுநேரம் விளங்கவில்லை.

சிஸ்டரை நம்பியிருந்த பெண்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி எப்படியோ எண்ணைப் பிடித்து அவளுக்குப் போன் செய்தாள். தலைப்பிள்ளையை ஆஸ்பத்திரியில் பெற்றவள். இது எட்டாவது மாதம். "அவங்க வரலேன்னா நான் தனியாவே பெத்துக்குவேங்க. கதவைச் சாத்திக்குவேன். அங்க மட்டும் போக மாட்டேன்" என்று அழுதாள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மாலை நாத்தனார் தையலைப் பார்க்க வந்தபோது அப்படியே சொன்னாள். நாத்தனார் தம்பி மகனை மடியில் வாங்கி, அவன் தலையில் கிண்ணம் வைத்த இடத்து வீக்கம் வடிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கூட்டம் ஒரு பழைய அரங்கத்தில் நடந்தது. மேடையில் ஐந்தாறு பேர், கீழே மடக்கு நாற்காலிகள். மைக் கரகரத்தது. கணவன் அதைக் கழற்றிச் சரிசெய்யலாமா என்று துடித்துக்கொண்டிருந்தான், குழந்தை கையில் இருந்ததால் அடங்கி உட்கார்ந்திருந்தான். தலைவர் மரியாதையான மனிதர், வயதான டாக்டர். அவளை உட்கார்ந்தே பேசச் சொன்னார். அவள் நின்றுகொண்டாள். நிற்பதுதான் வசதியாக இருந்தது.

"அம்மா, நீங்க வீட்டுலயே இருந்திருந்தா குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். அதனாலதான் இருக்கல."

"மருத்துவச்சியை நம்பினது தப்புன்னு இப்போ தோணலையா?"

"கிளம்புங்கன்னு சொன்னதே அவங்கதானே சார்? நான் பஸ் ஓட்டறவ. வண்டியில ஏதோ சரியில்லன்னா ஓரங்கட்டி, இருக்கறவங்களை வேற வண்டியில ஏத்தி அனுப்பணும். எனக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. அப்படி அனுப்பினதுக்காக இதுவரைக்கும் என் லைசென்ஸை யாரும் புடுங்கினதில்ல."

சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "ஆனா நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கலாமே?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். தயாரித்து வந்தது எல்லாம் மறந்துபோயிருந்தது. "எனக்கு ரெண்டு தடவையும் வெட்டினாங்க சார். அதே ஆஸ்பத்திரி, அதே இடம். முதல் தடவை என்னைக் கேக்கல. அதை மறக்கறதுக்கு எனக்கு ஆறு வருஷம் ஆகியும் முடியல. ரெண்டாவது தடவை கேட்டாங்க. தழும்பு இருக்கு, கனவுல வரல. வீட்டுல ஆரம்பிச்சதாலதான் என்னால 'கேளுங்க'ன்னு சொல்ல முடிஞ்சது. காலையிலேருந்து ஒருத்தங்க என்னைக் கேட்டுக் கேட்டுத் தொட்டாங்க, அதுல எனக்குத் தைரியம் வந்துடுச்சு. எல்லாரும் வீட்டுல பெத்துக்கணும்னு நான் சொல்லல. எங்க பெத்துக்கறதுன்னு என்னைக் கேளுங்கன்னு சொல்றேன். கையெழுத்து வேணும்னா என் கையெழுத்தைக் கேளுங்க."

உட்கார்ந்து, கணவனிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

அடுத்து நாத்தனாரை அழைத்தார்கள். விதியை வகுத்த குழுவின் சார்பில் பேசவேண்டியவர். அவர் மைக்கைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசினார்.

"என்னைக் கேட்டா இன்னிக்கும் ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னுதான் சொல்லுவேன். எனக்குப் பயம். அந்தப் பயத்துலதான் இந்த விதிக்குச் சரின்னேன். போன வருஷம் என் கையில ஒரு பொண்ணு செத்துப்போனா, வீட்டுல பெத்தவ. இந்தக் குழுவுல நான் எத்தனையோ தடவை அவளைப் பத்திச் சொல்லியிருக்கேன். அவ ஏன் ஆஸ்பத்திரிக்கு வரலைன்னு என் தம்பி பொண்டாட்டி கேட்டா. எனக்குத் தெரியல. போன வாரம் அந்தச் செத்துப்போன பொண்ணோட புருஷனைத் தேடிப் போய்க் கேட்டேன்."

அவர் மேடையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"முதல் குழந்தையை அவ எங்ககிட்டதான் பெத்திருக்கா. என்னோட பிரிவுலதான். 'அங்க போனா அடிக்காத குறையா நடத்துவாங்க, மாட்டேன்'னு சொல்லியிருக்கா. மருத்துவச்சி கிடைக்குமான்னு தேடியிருக்காங்க, அவங்க பக்கத்துல யாரும் இல்ல. அதனால தனியா. இந்த விதி வந்தா வீட்டுப் பிரசவம் நிக்காது. கூட யாரும் இல்லாத வீட்டுப் பிரசவம்தான் மிஞ்சும். இந்தக் கேஸ்ல மருத்துவச்சி கொண்டுவந்த நேரம் சரி, சொன்ன தகவல் சரி. என் கையெழுத்தை அந்த விதியிலேருந்து எடுத்துக்கறேன்."

உடனே எதுவும் நடந்துவிடவில்லை. சிஸ்டரின் அனுமதி சில வாரங்கள் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது. டாக்டர் கையெழுத்து என்ற பகுதியை விதியிலிருந்து எடுத்தார்கள். அதற்குப் பதிலாக, மருத்துவச்சி கொண்டுவரும் பெண்ணை எந்த ஆஸ்பத்திரியும் தகவல் கேட்டு ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று சேர்த்தார்கள். அதுவும் தற்காலிகம்தான், மறுபடி பரிசீலிப்பார்களாம். ஆஸ்பத்திரி கேன்டீனில் நாத்தனாரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்தவர்களில் சிலர் இடம் மாறிக்கொண்டார்கள். தன் பிரிவில், பெண்ணிடம் கேட்காமல் யாரும் தொடக்கூடாது என்று அவர் சொல்லிவைத்தார். பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேரைத் தினமும் திட்டினார்.

அவள் வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் சிஸ்டர் போன் செய்தார். அழுதுகொண்டு போன் செய்தாளே அந்தப் பெண், அவளுக்குப் பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம் என்றார்.

"வீட்டுலதானே சிஸ்டர்?"

"இல்ல, ஆஸ்பத்திரியில. உங்க அண்ணியைப் போய்ப் பாத்துப் பேசிட்டு வந்தாங்க. அப்புறம் அங்கயே பெத்துக்கறேன்னுட்டாங்க. நான் கூட இருந்தேன், விட்டாங்க."

அவளுக்கு முதலில் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவும் பேசி, இவ்வளவும் அலைந்து, கடைசியில் அங்கேயா போனாள் என்று இருந்தது. அப்புறம் அப்படி நினைத்ததற்காகத் தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

"ஏன் சிரிக்கறீங்க?" என்றார் சிஸ்டர்.

"ஒண்ணுமில்ல. அவங்க இஷ்டம்தானே சிஸ்டர்" என்றாள். உள்ளே பையன் அழ ஆரம்பித்திருந்தான். போனை வைத்துவிட்டு எழுந்து போனாள்.